பாப்பாவுக்கு பிளட் லெட் (ரத்தத்துல காரீயம்) 6.8, ஆனா டெஸ்ட் பண்ணதெல்லாம் லிமிட்டுக்குள்ளன்னு வருது. மொத்தமா எப்படி கணக்கு போடறது?

நிலாக்குட்டி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூஜெர்சில இருக்கோம், பொண்ணுக்கு ரெண்டு வயசு. இந்த ஸ்டேட்ல ஒரு வயசுலயும் ரெண்டு வயசுலயும் ரத்தத்துல லெட் எவ்ளோ இருக்குன்னு கண்டிப்பா பாக்கணும். போன வருஷம் 2க்கு கீழ தான் இருந்துச்சு, இந்த தடவை விரல்ல குத்தி எடுத்ததுல அதிகமா வந்து, சில சமயம் தோல்ல ஒட்டியிருக்கற தூசியே தப்பா காட்டும்னு சொல்லி கைல நரம்புல எடுத்து மறுபடி பாத்தாங்க, 6.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டர், அதாவது நூறு மில்லி ரத்தத்துல 6.8 மைக்ரோகிராம். இங்க 3.5க்கு மேல போனாலே ஃபாலோ அப் பண்ணுவாங்களாம். டாக்டர் ஒரு பேப்பர் குடுத்தாங்க, பெயிண்ட், தண்ணி, வெளிநாட்டு மசாலா, பாத்திரம், கண்மைன்னு லிஸ்ட்டு போகுது.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. மறுநாளே ஊர்லேர்ந்து கொண்டாந்த மஞ்சத்தூள், சாம்பார் பொடி, மிளகாத்தூள், குழாத் தண்ணி எல்லாத்தையும் ஒரு லேபுக்கு அனுப்பினோம். மஞ்சள்ல 2.1 பிபிஎம் (ஒரு கிராம்ல 2.1 மைக்ரோகிராம்), நம்ம ஊர் லிமிட்டு 10ங்கறாங்க, அப்போ ஓகே. பொடிங்கள்ல 0.3 பக்கம், அதுவும் ஓகே. தண்ணி லிட்டருக்கு 1.5 மைக்ரோகிராம், அதுவும் ஓகே. வீடு 1950கள்ல கட்டினது, மாடி போர்ஷன், ஆனா ஓனர் புதுசா பெயிண்ட் அடிச்சு தான் குடுத்தாரு. கண்மை வைக்கறதில்ல. சாமி அலமாரில குங்குமம் இருக்கு. ரசம் மட்டும் மாமியார் குடுத்த ஈயச்சொம்புல வைப்பேன், அது வெள்ளீயம், லெட் கிடையாதுன்னு சொல்லி தான் குடுத்தாங்க, அதனால அத அனுப்பல.

என் கேள்வி இது தான். ஒவ்வொண்ணையும் தனியா கேட்டா எல்லாரும் இது பரவால்ல அது பரவால்லங்கறாங்க, ஆனா பாப்பா எல்லாத்தையும் சேத்து தானே உள்ள எடுத்துக்கறா, அப்போ சாப்பாடு, தண்ணி, தூசி, பூஜை சாமான் எல்லாத்துலேர்ந்தும் உடம்புக்குள்ள போறத ஒண்ணா கூட்டி பாக்க ஏதாவது வழி இருக்கா? நான் பி.காம், கெமிஸ்ட்ரி பத்தாவதோட சரி, கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க. ரெண்டாவது பிள்ளை வேற வயித்துல, அஞ்சு மாசம் ஓடுது, அதனால இன்னும் பயமா இருக்கு.

காவேரிக்கரை:
அம்மாடி பயப்படாதே. மஞ்சத்தூள் தான் காரணமா இருக்கும், பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, கலர் தூக்கலா தெரியணும்னு மஞ்சள்ல லெட் குரோமேட் கலக்கறான்னு. அத தூக்கிப் போட்டுட்டு விரலி மஞ்சள் வாங்கி வீட்லயே பொடி பண்ணிக்கோ. ஈயச்சொம்ப மட்டும் குறை சொல்லாதீங்க, எங்க பாட்டி, அவங்க அம்மா எல்லாம் அதுல தான் ரசம் வச்சாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

லேப்காரன்:
மேடம், உங்க கேள்வி ரொம்ப சரியான கேள்வி. லிமிட்டுங்கறது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா போட்டது, மஞ்சளுக்கு லிமிட்டு எழுதறவரு உங்க வீட்டு ஜன்னல் பெயிண்ட்ட நெனச்சு எழுதல. நான் ஃபுட் டெஸ்டிங் லேப்ல உலோகங்கள் பாக்கற செக்‌ஷன்ல தான் வேலை பாக்கறேன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

இத ரெண்டு பக்கத்துலேர்ந்து கணக்கு பண்ணலாம். வெளிலேர்ந்து உள்ள போறத ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டு வரலாம், இல்ல ரத்தத்துல இருக்கற நம்பர வச்சு தினம் எவ்ளோ உள்ள போயிருக்கணும்னு பின்னாடி போய் பாக்கலாம். உங்க கைல ரத்த நம்பர் இருக்கறதால பின்னாலேர்ந்து ஆரம்பிக்கறது தான் நல்லது, ஏன்னா அது எல்லா வழியையும் ஏற்கனவே கூட்டி முடிச்ச மொத்தம், எதையும் விட்டிருக்காது.

அமெரிக்க எஃப்டிஏ (உணவு, மருந்த கண்காணிக்கற அமைப்பு) ஒரு கணக்கு வச்சிருக்காங்க. சின்னக் குழந்தை தினம் 1 மைக்ரோகிராம் லெட் சாப்பாட்டுல எடுத்துக்கிட்டா ரத்தத்துல தோராயமா 0.16 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் ஏறும், பெரியவங்களுக்கு அது 0.04 தான். நீங்க சொன்ன அந்த 3.5, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சிடிசியோட எண்ணு, அத 0.16ஆல வகுத்தா 22 கிட்ட வரும், அதுக்கு மேல பத்து மடங்கு பாதுகாப்பு வச்சு தான் குழந்தைக்கு சாப்பாடு மூலமா நாளுக்கு 2.2 மைக்ரோகிராம்னும், குழந்தை பெத்துக்கற வயசு பெண்களுக்கு 8.8னும் எஃப்டிஏ எழுதி வச்சிருக்கு. உங்க பொண்ணோட 6.8ஐ 0.16ஆல வகுங்க, 42 வருது. அதாவது சமீப மாசங்கள்ல தினம் சுமார் 42 மைக்ரோகிராம் சாப்பாட்டு வழியா போன மாதிரி. ஆனா ஒரே அளவு உள்ள போனாலும் ரெண்டு குழந்தைக்கு ரத்தத்துல ஒரே நம்பர் வராது, அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ குழந்தைகளோட ரத்த லெட்ட கணக்கு போட வச்சிருக்கற ஐஇயுபிகேங்கற மாடல்ல இந்த ஆளுக்கு ஆள் வித்தியாசத்துக்கு 1.6ன்னு ஒரு எண் வச்சிருக்காங்க, அதால வகுத்தும் பெருக்கியும் பாத்தா 27லேர்ந்து 68 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். சரி, நடுவுல 42ன்னு வச்சுக்குவோம்.

இப்போ முன்பக்கத்துலேர்ந்து வாங்க. ரெண்டு வயசுக் குழந்தை சாப்பாட்டுல மஞ்சள் நாளுக்கு அரை கிராம்னு தாராளமாவே வச்சாலும் 2.1 பிபிஎம் மஞ்சள்ல 1 மைக்ரோகிராம் தான் போகுது. தண்ணி, குடிக்கறதும் சமையல்ல போறதும் சேத்து ஒரு லிட்டர்னு வைங்க, 1.5. பொடிங்க எல்லாம் சேந்து 1க்குள்ள தான். அரிசி, காய், பால், இந்த ஊர்ல எல்லாக் குழந்தைக்கும் பொதுவா போற கொஞ்சம், ஒண்ணு ரெண்டுன்னு சேத்தாலும் மொத்தம் 5, 6ஐ தாண்டாது. 42 எங்க, 6 எங்க? அப்போ நீங்க லேபுக்கு அனுப்பாத ஏதோ ஒண்ணு, இல்ல ரெண்டு, பெருசா இருக்கு. காவேரிக்கரை ஐயா சொன்ன மஞ்சள் விஷயம் நிஜம் தான், பங்களாதேஷ்ல 2019ல ஸ்டான்ஃபோர்டுகாரங்க ரத்தத்துல இருக்கற லெட்டோட ஐசோடோப் விகிதத்த (லெட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டற கைரேகை மாதிரி) மஞ்சள்ல இருக்கறதோட ஒத்துப் பாத்து, கர்ப்பிணிப் பெண்களுக்கு மஞ்சள் தான் முக்கிய வழின்னு காட்டினாங்க, அரசாங்கம் இறங்கி சோதனை போட்டு அபராதம் போட்டதும் ரெண்டு வருஷத்துல கலப்படம் 47 சதவீதத்துலேர்ந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துச்சு. பாட்னா, கராச்சி, பெஷாவர்ல 1000 பிபிஎம்முக்கு மேல கூட கண்டுபிடிச்சிருக்காங்க, அந்த மஞ்சள்னா அரை கிராம்லயே 500 மைக்ரோகிராம், வேற காரணமே தேட வேணாம். ஆனா இந்தம்மா வீட்டு மஞ்சள் அந்த மஞ்சள் இல்ல, நம்பர் கைல இருக்கு.

இன்னொண்ணும் கவனிங்க, மஞ்சள் 10 பிபிஎம் இருந்திருந்தா இந்திய சட்டப்படி அதுவும் பாஸ் தான், ஆனா அரை கிராம்ல 5 மைக்ரோகிராம், எஃப்டிஏ குழந்தைக்கு சொல்ற 2.2ஐ அது ஒண்ணே தாண்டிடும். தண்ணி இந்திய ஸ்டாண்டர்டு படி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரைக்கும் பாஸ், அத ஒரு லிட்டர் குடிச்சா இன்னொரு 10. ரெண்டு பாஸ் சேந்து 15. பாஸ் ஆன சீட்ட மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருக்கறவங்கள நான் நெறைய பாக்கறேன், மனசு கேக்க மாட்டேங்குது.

அடுத்து எவ்ளோ வாய்க்குள்ள போகுதுங்கறதுக்கும் எவ்ளோ ரத்தத்துல சேருதுங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஐஇயுபிகேல சாப்பாடு, தண்ணில இருக்கற லெட்ல பாதி குழந்தை உடம்புல சேரும்னு எடுத்துக்கறாங்க, மண்ணு தூசின்னா 30 சதவீதம். தினம் 100 மில்லிகிராம் வீட்டுத் தூசி வாய்க்கு போகுதுன்னு கணக்குக்கு வைப்போம் (தவழ்ந்து நடந்து கைய வாய்ல வைக்கற வயசுல அது ஒண்ணும் பெரிய அளவு இல்ல), தூசில 500 பிபிஎம் லெட் இருந்தா 50 மைக்ரோகிராம் வாய்க்குள்ள போகுது, அதுல 30 சதவீதம்னா 15 சேருது, சாப்பாட்டுல பாதி சேருங்கறதால சாப்பாட்டு கணக்குக்கு மாத்தினா 30. பழைய வீட்டுல இந்த மாதிரி தூசி சர்வ சாதாரணம். அமெரிக்காவுல வீட்டு பெயிண்ட்ல லெட்ட தடை பண்ணது 1978ல தான், உங்க வீடு 1950கள். மேல புது பெயிண்ட் அடிச்சா மட்டும் போதாது, தூக்கி இறக்கற ஜன்னல்னா கட்டை உரசற எடத்துல அடி பெயிண்ட் பொடிப்பொடியா உதிர்ந்துக்கிட்டே இருக்கும். ஜன்னல் விளிம்ப ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, சாம்பல் கலர்ல மாவு மாதிரி இருந்தா அது தான்.

ரெண்டாவது சந்தேகம் அந்த ஈயச்சொம்பு. வெள்ளீயம்னு சொல்லி வித்ததெல்லாம் சுத்த வெள்ளீயம்னு நம்ப முடியாது, வெள்ளீயம் விலை எங்கயோ இருக்கு, லெட் சல்லிசு, பழைய சால்டர (பத்தவைக்கற ஈயக் கலவைய) உருக்கி ஊத்தினாலும் பாக்க அதே மாதிரி தான் இருக்கும். புளி, தக்காளி, கொதி, அப்படியே அந்த சொம்புலயே மதியம் வரைக்கும் வச்சிருக்கறது, லெட் கரையறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும். சொம்ப சுரண்டி அனுப்பாதீங்க, நீங்க எப்பவும் வைக்கற மாதிரி ரசம் வச்சு, எப்பவும் விடற நேரம் அதுலயே விட்டு, அந்த ரசத்த ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தி அனுப்புங்க. அதே ரசத்த எவர்சில்வர் பாத்திரத்துல வச்சு இன்னொரு பாட்டில். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தான் சொம்பு குடுக்கறது.

காவேரிக்கரை:
தம்பி, கொஞ்சம் பொறு. வெள்ளை பேப்பர்ல சொம்ப தேச்சா கருப்பு கோடு விழுந்தா தான் லெட், இல்லேன்னா சுத்தம்னு எங்க ஊர்ல பாத்திரக்கடைக்காரரே செஞ்சு காட்டுவாரு. அப்புறம் வெறும் சொம்ப அடுப்புல வச்சா உருகுது பாரு, அதுவே நல்ல ஈயத்துக்கு அடையாளம்பாங்க.

லேப்காரன்:
ஐயா, ரெண்டும் பத்தாது. முழு லெட்டா இருந்தா பேப்பர்ல கோடு போடும், வெள்ளீயத்துல கொஞ்சம் லெட் கலந்திருந்தா கோட நம்பி முடிவு பண்ண முடியாது. உருகறத பொறுத்தவரை வெள்ளீயம் 232 டிகிரில உருகும், லெட் 327ல உருகும், ரெண்டையும் கலந்த சால்டர் 183லயே உருகிடும், அதனால சீக்கிரம் உருகுதுன்னா சுத்தம்னு அர்த்தம் ஆகாது. தண்ணில முக்கி எடை போட்டு அடர்த்தி பாக்கலாமேன்னு கூட சிலர் கேப்பாங்க, வெள்ளீயம் கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், லெட் 11.3. பத்து சதவீதம் லெட் கலந்தா 7.58 ஆகும், நல்ல தராசுல தெரியும், ஆனா ஒரு சதவீதம் கலந்தா 7.34 கிட்ட தான், சமையலறை தராசுல மாட்டவே மாட்டாது. ஒரு சதவீதம் லெட் இருக்கற பாத்திரத்துல தினம் புளித்தண்ணி கொதிக்க வைக்கறத என்னால சரின்னு சொல்ல முடியாது. பாட்டிங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கறீங்க, அவங்க யாருக்கும் ரத்தம் எடுத்து பாக்கல ஐயா, 6.8ல குழந்தை ஓடி ஆடி சிரிச்சிக்கிட்டு தான் இருக்கும், வெளில ஒண்ணும் தெரியாது, அது தான் இதுல இருக்கற கஷ்டமே.

வார்டு_நர்ஸ்:
நிலாக்குட்டி அம்மா, நான் குழந்தைங்க வார்டுல நர்ஸ், மொதல்ல ஒரு விஷயம், 6.8க்கு மருந்து ஊசின்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. லெட்ட வெளிய இழுக்கற மருந்து குழந்தைங்களுக்கு 45க்கு மேல தான் குடுப்பாங்க. யூடியூப்ல டீடாக்ஸ் சூரணம்னு விக்கறத தொடவே தொடாதீங்க, அமெரிக்காவுல வித்த ஆயுர்வேத மருந்துங்கள வாங்கி பாத்ததுல அஞ்சுல ஒண்ணுல லெட், பாதரசம், ஆர்சனிக்ல ஏதாவது ஒண்ணு இருந்துச்சுன்னு 2004லயே வந்திருக்கு, குறைக்கறேன்னு போய் ஏத்திக்கக் கூடாது.

லேப்காரன் அண்ணன் உள்ள எவ்ளோ போகுதுன்னு சொன்னாரு, உடம்பு அத எவ்ளோ பிடிச்சு வச்சுக்குதுங்கறது பாப்பாவோட இரும்புச்சத்த பொறுத்தும் இருக்கு. இரும்பு, கால்சியம் குறைவா இருந்தா குடல் லெட்ட அதிகமா உறிஞ்சும். ரெண்டு வயசுல நம்ம வீடுகள்ல பால் பால்னு பாலையே குடுத்து வயித்த ரொப்பிடறோம், சாப்பாடு இறங்காது, இரும்பு குறையும். ஃபெரிடின் டெஸ்ட் (உடம்புல இரும்பு சேமிப்பு எவ்ளோன்னு காட்டறது) ஒண்ணு பாக்க சொல்லி கேளுங்க. வெறும் வயித்துல லெட் ரொம்ப அதிகமா சேரும், பெரியவங்கள்ல பாத்ததுல சாப்பாட்டோட போனா சில சதவீதம் தான் சேருது, பட்டினில 60 சதவீதம் வரைக்கும் போகுது. அதனால பாப்பாவ ரொம்ப நேரம் பசியோட விடாம கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, விளையாடிட்டு வந்ததும் கை கழுவி விட்டுட்டு தான் குடுக்கணும்.

அப்புறம் மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பாங்க, அப்போ நேரா 1க்கு வந்துடும்னு எதிர்பாக்காதீங்க. ரத்தத்துல இருக்கற லெட் ஒரு மாசத்துல பாதியாகும், ஆனா உடம்புல சேந்த லெட்ல பெரும்பகுதி எலும்புல போய் உக்காந்துக்கும், குழந்தைங்களுக்கு நாலுல மூணு பங்கு, பெரியவங்களுக்கு 90 சதவீதத்துக்கும் மேல. வெளிலேர்ந்து வர்றது நின்னப்புறமும் எலும்புலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கு திரும்பும். நம்பர் மெதுவா இறங்குதேன்னு ஒடஞ்சு போகாதீங்க, இறங்குதாங்கறத மட்டும் பாருங்க.

நீங்க அஞ்சு மாசம்னு சொன்னீங்க, உங்க ரத்தத்தையும் கண்டிப்பா பாக்க சொல்லுங்க. நீங்களும் அதே ரசம் தான் சாப்பிடறீங்க. போதாததுக்கு நம்ம ஊர்ல பெட்ரோல்ல லெட் கலக்கறத முழுசா நிறுத்தினது 2000ல தான், 90கள்ல மெட்ராஸ்ல வளர்ந்தவங்க எலும்புல அந்த லெட் இன்னும் இருக்கும், எலும்புல பாதியா குறையறதுக்கு பத்து இருபது வருஷம் ஆகும். கர்ப்பத்துல பிள்ளைக்கு கால்சியம் வேணும்னு எலும்பு கரையும்போது அந்த பழைய லெட்டும் கூடவே ரத்தத்துக்கு வந்து நஞ்சுக்கொடி வழியா உள்ள போகுது. மெக்சிகோவுல கர்ப்பிணிங்களுக்கு தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் குடுத்து பாத்ததுல ரத்த லெட் சராசரியா 11 சதவீதம் குறைஞ்சுச்சு. உங்க டாக்டர்கிட்ட கால்சியம் மாத்திரை அளவு பத்தி பேசுங்க, நீங்களா கூட்டிக்க வேணாம். தாய்ப்பால் பத்தி இப்பவே கவலைப்படாதீங்க, அம்மாவுக்கு 40க்கு கீழ இருந்தா குடுக்கலாம்னு தான் சிடிசி சொல்லுது.

நிலாக்குட்டி_அம்மா:
உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஜன்னல் விளிம்ப பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே தூக்கற ஜன்னல் தான், கீழ் விளிம்புல மாவு மாதிரி இருக்கு, பாப்பா அங்க தான் நின்னு தினம் ஸ்கூல் பஸ் வேடிக்கை பாப்பா. ஊர் ஹெல்த் டிபார்ட்மென்ட்ல ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. ரசம் ரெண்டு பாட்டில் அனுப்பிட்டேன். லேப்காரன் சார், குங்குமம் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

லேப்காரன்:
குங்குமத்த விட்டுட்டேன், நல்லவேளை கேட்டீங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து செஞ்ச பழைய முறை குங்குமம்னா பயம் இல்ல, ஆனா கடைல விக்கற சிவப்பு எல்லாம் அது கிடையாது. உங்க நியூஜெர்சிலயே ரட்கர்ஸ் யூனிவர்சிட்டிகாரங்க சிந்தூர் வாங்கி பாத்து 2017ல எழுதினாங்க, மொத்தம் 118 சாம்பிள், அதுல 95 உங்க ஸ்டேட் கடைங்க, மிச்சம் மும்பை டெல்லி. அமெரிக்க கடைல வாங்கினதுல பத்துல எட்டுல லெட் இருந்துச்சு, மூணு சாம்பிள்ல எடைல ஒரு சதவீதத்துக்கும் மேல. ஒரு சதவீதம்னா ஒரு மில்லிகிராம் பொடில 10 மைக்ரோகிராம். பாப்பா நெத்திய தொட்டு வாய்ல வச்சா எவ்ளோ போகும்னு நீங்களே போட்டுக்கலாம். டப்பாவ கைக்கு எட்டாத எடத்துக்கு மாத்திட்டு, அதையும் டெஸ்டுக்கு குடுங்க.

ஹெல்த் டிபார்ட்மென்ட் ஆள் வந்தா எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி மாதிரி ஒண்ணு கொண்டு வருவாரு, சுவர், ஜன்னல், சொம்பு, குங்குமம் எல்லாத்துலயும் வச்சு அப்பவே லெட் இருக்கா பாக்கலாம். அவர்கிட்ட சொம்பையும் பித்தளை பாத்திரத்தையும் எடுத்து காட்டுங்க, பல பேர் பெயிண்ட்ட மட்டும் பாத்துட்டு போயிடுவாங்க. ஹிண்டாலியம் கடாய் இருந்தா அதையும் காட்டுங்க, அதுலேர்ந்தும் லெட் கரையுதுன்னு அமெரிக்காவுல எச்சரிக்கை வந்திருக்கு.

நிலாக்குட்டி_அம்மா:
ரிசல்ட் வந்துடுச்சு. சொம்புல வச்ச ரசம் லிட்டருக்கு 180 மைக்ரோகிராம், எவர்சில்வர் ரசம் 3. சொம்புல எக்ஸ்ஆர்எஃப் வச்சதும் லெட்டுன்னு காட்டிடுச்சு. ஜன்னல் ரெண்டுலயும் அடி பெயிண்ட்ல லெட் இருக்கு, தூசிய துணி மாதிரி ஒண்ணுல தொடச்சு அனுப்பினதுல விளிம்புலயும் கீழ தரைலயும் அவங்க லிமிட்டுக்கு மேல. குங்குமத்துல ஒண்ணும் இல்ல. பாப்பா ரசஞ்சாதம் தான் தினம் சாப்பிடுவா, ஒரு கரண்டி நூறு மில்லி இருக்கும். எனக்கு 2.9. பாப்பாவுக்கு ஃபெரிடின் குறைவுன்னு சொட்டு மருந்து எழுதியிருக்காங்க. எல்லாம் என் கையால ஊட்டினது தானேன்னு நெனச்சா தாங்க முடியல. இப்போ இந்த நம்பர எல்லாம் வச்சு எப்படி கூட்டணும் சார்?

லேப்காரன்:
ரசம் 180, நூறு மில்லின்னா நாளுக்கு 18 மைக்ரோகிராம். ஏற்கனவே இருந்த 5, 6ஐ சேத்தா 24. 42 வரணும்னு பாத்தா மிச்சம் 18 தூசிலேர்ந்து. ஆனா தூசி ரிசல்ட்ட அப்படியே கணக்குல போட முடியாது, அவங்க குடுக்கறது சதுர அடிக்கு எத்தனை மைக்ரோகிராம்னு, எவ்ளோ தூசி எவ்ளோ நேரம் கைல ஒட்டி வாய்க்கு போச்சுன்னு யாராலும் அளக்க முடியாது. அதனால மிச்சம் எல்லாம் தூசின்னு தான் நான் எடுத்துப்பேன், இரும்பு குறைவா இருந்ததால பாதிக்கு மேல உறிஞ்சியிருக்கலாம், அப்போ நிஜமா உள்ள போனது 42க்கு கம்மியாவும் இருக்கலாம். ரெண்டு பக்க கணக்கும் ரூபா பைசா ஒட்டற மாதிரி ஒட்டாது மேடம், எது பெருசு எது சின்னதுன்னு வரிசை தெரிஞ்சா போதும், அது தெரிஞ்சு போச்சு. மஞ்சள் வெறும் ஒண்ணு. மஞ்சள மட்டும் மாத்திட்டு இருந்திருந்தா மூணு மாசம் கழிச்சு அதே நம்பர் வந்து நின்னிருக்கும்.

சொம்ப இன்னைக்கே நிறுத்துங்க, பூஜைல கூட வைக்க வேணாம், யாருக்கும் குடுக்கவும் வேணாம். ஜன்னல் வேலைய நீங்களா சுரண்டி செய்யாதீங்க, அப்போ தான் தூசி பல மடங்கு பறக்கும், ஓனர்கிட்ட ஹெல்த் டிபார்ட்மென்ட் லெட்டர காட்டி சர்டிஃபைடு ஆள வச்சு பண்ண சொல்லுங்க, அது வரைக்கும் ஜன்னல திறக்காம ஈரத்துணியால தொடச்சுக்கிட்டே இருங்க, விளக்குமாறு போடாதீங்க.

வார்டு_நர்ஸ்:
உங்க கையால ஊட்டினதுன்னு எழுதியிருக்கீங்களே, அத படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. பாத்திரத்துல லெட் கலந்து வித்தவன் தான் இதுக்கு பதில் சொல்லணும், நீங்க இல்ல. நீங்க தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. 2.9ங்கறது கர்ப்பிணிக்கு பயப்படற அளவு இல்ல, சிடிசியோட 2010 வழிகாட்டில கர்ப்பிணிங்களுக்கு 5லேர்ந்து தான் ஃபாலோ அப், ஆனாலும் பிரசவத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துக்கோங்க, சொம்ப நிறுத்தினதுக்கு அது குறையணும்.

சேலத்து_மாம்பழம்:
நடுவுல வந்து கேக்கறேன், மன்னிக்கணும். இதே மாதிரி பிளாஸ்டிக் சமாச்சாரத்துக்கு கணக்கு போட முடியுமா? எங்க வீட்ல பிளாஸ்டிக் டப்பால சூடா சாப்பாடு, வினைல் தரை, சென்ட்டு, ஷாம்பு, எல்லாத்துலயும் தாலேட்டுன்னு பிளாஸ்டிக்க வளையற மாதிரி பண்ண சேக்கற ரசாயனம் ஏதோ இருக்குங்கறாங்க. ரத்தம் குடுத்தா ஒரே நம்பர்ல மொத்தமும் தெரிஞ்சுடுமா?

லேப்காரன்:
லெட் அளவுக்கு சுலபம் இல்ல. லெட் ரத்தத்துல மாசக்கணக்குல நிக்கும், அதனால ஒரு தடவை எடுத்தாலே கடந்த ரெண்டு மூணு மாசத்தோட கதை தெரியும். தாலேட்டு உடம்புல உடைஞ்சு ஒரு நாளைக்குள்ள சிறுநீர்ல வெளிய போயிடும், பிளாஸ்டிக்ல வர்ற இன்னொரு ரசாயனம் பிபிஏவும் அப்படித்தான், சில மணி நேரம். இன்னைக்கு காலைல எடுத்த சாம்பிள் நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கங்கறத தான் காட்டும். அதனால பல நாள் பல சாம்பிள் எடுத்து, சிறுநீர்ல வர்ற உடைஞ்ச பொருளோட அளவ உடம்பு எடையோட சேத்து பின்னாடி கணக்கு பண்ணி, தினம் எவ்ளோ உள்ள போயிருக்கும்னு கண்டுபிடிப்பாங்க. ஐரோப்பால 2017லேர்ந்து 2022 வரைக்கும் ஹெச்பிஎம்4இயுன்னு பல நாடுங்க சேந்து இந்த மாதிரி தான் பாத்தாங்க. தனி ஆளுக்கு ஒரு தடவை எடுத்த டெஸ்ட்ட நம்பி காசு குடுக்காதீங்க.

இன்னொரு சிக்கல், தாலேட்டு ஒண்ணு இல்ல, பல தினுசு, ஒவ்வொண்ணோட வீரியமும் வேற. அத ஒண்ணா கூட்ட ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல ஒரு வழி சொன்னாங்க, டிஇஹெச்பிங்கற தாலேட்ட 1ன்னு வச்சு, மத்த தாலேட்டுங்கள்ல டிபிபிக்கு 5, பிபிபிக்கு 0.1, டிஐஎன்பிக்கு 0.3னு பெருக்கி, நாலையும் கூட்டி, உடம்பு எடை ஒரு கிலோவுக்கு நாளுக்கு 50 மைக்ரோகிராமுக்குள்ள இருக்கணும்னு. டிபிபி 10 மைக்ரோகிராம் போச்சுன்னா அது டிஇஹெச்பி 50 போன மாதிரி. நாலும் கருவுல இருக்கற ஆண் குழந்தையோட ஹார்மோன ஒரே மாதிரி கெடுக்குதுன்னு தெரிஞ்சதால தான் இப்படி கூட்ட முடிஞ்சுது. லெட்டையும் தாலேட்டையும் இப்படி ஒண்ணா கூட்ட முடியாது, ரெண்டும் உடம்புல பண்ற வேலை வேற.

நீங்க செய்யக்கூடியது, சூடான சாம்பார், எண்ணெய், ஊறுகாய் மூணையும் பிளாஸ்டிக்லேர்ந்து எவர்சில்வருக்கு மாத்துங்க. கொழுப்பும் சூடும் இருக்கற எடத்துல தான் அது அதிகமா இறங்கும். தாலேட்டு சீக்கிரம் வெளிய போயிடறதால, மாத்தினதோட பலன் சில நாள்லயே சிறுநீர்ல தெரியும்.